நோவுக்குப் பூசிய ஜெல், வெயிலில் வெந்த முழங்கால்: இதை எப்படி டெஸ்ட் பண்ணுவார்கள்?

வவுணதீவு_மகன்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 63 வயது, மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம் வயல். இரண்டு முழங்காலும் நோ. வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்த மச்சான் ஒரு ஜெல் கொடுத்தார். அதை அப்பா வலது காலுக்கு மட்டும் பூசினார், இடது காலுக்கு வழக்கம்போல அம்மா காய்ச்சும் எண்ணெய்தான். ஏன் என்று கேட்டால் "ரெண்டையும் ஒண்டாக் கெடுக்கப்படாது மனே" என்கிறார். ஆறேழு நாள் ஒரு பிரச்சினையும் இல்லை, நோவும் குறைந்தது. மறுகா சிறுபோக வெட்டு மெசின் வந்த அன்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் மூன்று மணி வரை வரம்பிலேயே நின்றிருக்கிறார். இரவு கடி (அரிப்பு) தொடங்கியது. அடுத்த நாள் சிவப்பு. மூன்றாம் நாள் சின்னச் சின்னக் கொப்புளம் போட்டு நீர் கசிந்தது.

நான் பார்த்துத் திகைத்தது அதன் உருவத்தைத்தான். முழங்காலுக்கு மேலே சாரம் மூடியிருந்த இடத்தில் கோடு கீறினாற்போல் நின்றுவிட்டது, ஆனால் அதற்கு மேலேயும் ஜெல் பூசியிருந்தாராம். கீழே கெண்டைக்காலில் நாலு விரல் இழுபட்ட தடம். கையில் மிஞ்சிய ஜெல்லை அங்கே துடைத்திருக்கிறார், விரல் விரலாகச் சிவந்திருக்கிறது! இடது காலில் ஒன்றுமே இல்லை.

அக்கா அனுப்பிய சன்ஸ்கிரீன் வீட்டில் இருந்தது. வெயிலால் வந்தது என்றால் இதைப் போட்டால் சரிவரும் என்று நான்தான் இரண்டு நாள் பூசிவிட்டேன். அதற்குப் பிறகு இன்னும் மோசம். அந்தப் பழி என்மேல்.

கிளினிக்கில் டொக்டர் பார்த்தார். என்ன ஜெல், என்னென்ன குளிசை குடிக்கிறார், எலிக்காய்ச்சலுக்கு டொக்சிசைக்கிளின் எடுத்தாரா என்றெல்லாம் கேட்டார். ஜெல்லை நிறுத்தி, காலை மூடச் சொல்லி, பூச ஒரு ஸ்டீரொயிட் கிறீம் தந்தார். ஆறிய பிறகு 'போட்டோபட்ச்' என்று ஒரு டெஸ்ட் செய்ய வேண்டும், மருந்தையும் வெளிச்சத்தையும் சேர்த்துப் பார்ப்பது என்றார். எங்களுக்குப் பின்னால் வரிசை வாசல் வரைக்கும் நின்றது, அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை.

அந்த டெஸ்டில் என்ன செய்வார்கள், நோகுமா? பூசுகிற மருந்தை விற்பனைக்கு விடுவதற்கு முன்னால் வெயிலுக்கு என்ன ஆகும் என்று யாருமே பார்ப்பதில்லையா? இன்னொன்று, மச்சான் சொல்கிறார் இடது காலில் ஒரு சொட்டுப் பூசி வெயிலில் நிறுத்தினால் நாங்களே கண்டுபிடித்துவிடலாம் என்று. செய்யலாமா?

கல்முனை_பாமசிக்காரன்

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். காரணம் பிறகு.

ட்யூபைத் திருப்பி சின்ன எழுத்தைப் பாருங்கள். கீட்டோப்ரோஃபென் என்று இருக்கும் என்று நினைக்கிறேன். டிக்ளோஃபெனக், பிரொக்சிகாம் ஜெல்களிலும் வெயில் பிரச்சினை வரலாம், ஆனால் நீங்கள் சொல்லும் கதை அப்படியே கீட்டோப்ரோஃபென் கதை. ஐரோப்பிய மருந்து முகமை 2010இல் இதைத் தனியாக எடுத்து ஆராய்ந்தது. பிரான்சில் அதற்கு முன்பே நிறுத்தப் பார்த்தார்கள். கடைசியில், டொக்டர் துண்டு இருந்தால் மட்டும் கொடுக்க வேண்டும், பூசும் நாட்களிலும் நிறுத்திய பிறகு இரண்டு கிழமைக்கும் அந்த இடத்தில் வெயில் படக்கூடாது என்று முடிவானது. மப்பு வெயிலும் சேர்த்தி. இரண்டு கிழமை என்பதைக் கவனியுங்கள், கழுவினால் போய்விடும் மருந்து இல்லை, தோலுக்குள் தங்கும். பூசிய கை, துடைத்த துவாய், கட்டிய சாரம் எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும். அம்மா தடவிவிட்டிருந்தால் அவர் கையையும் பாருங்கள்.

டொக்டர் டொக்சிசைக்கிளின் கேட்டது நல்ல கேள்வி. எங்கள் பக்கம் வயல் தொடங்கும் நேரத்தில் எலிக்காய்ச்சலுக்கு அந்தக் குளிசை கொடுக்கிறார்கள், அதுவும் வெயிலுக்குத் தோலை எரிக்கும். ஆனால் குடித்த மருந்து உடம்பெல்லாம் ஓடும், ஆகவே முகம், கழுத்து, புறங்கை என்று வெயில் பட்ட இடம் முழுக்கச் சிவக்கும், சிலருக்கு நகம்கூடக் கழன்று வரும். விரல் தடம் போட்டுச் சிவக்காது. அப்பாவின் கெண்டைக்கால் பாதி டெஸ்டை முடித்துவிட்டது என்று வையுங்கள்.

சன்ஸ்கிரீன் விஷயத்தில் உங்களை நீங்களே ஏசாதீர்கள், யாரும் அதைத்தான் செய்வார்கள். அதன் பட்டியலில் ஒக்டோகிரிலீன் அல்லது பென்சோபீனோன் இருக்கிறதா பாருங்கள். கீட்டோப்ரோஃபெனுக்கு ஒவ்வாத உடம்பு இவற்றுக்கும் சேர்த்துத் திமிறுவது உண்டு. அப்பா கொழுப்புக்குக் குளிசை குடிக்கிறாரா? ஃபீனோஃபைப்ரேட் என்றால் அதுவும் இதே குடும்பம், டொக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

வவுணதீவு_மகன்

அண்ணே, அப்படியே! கீட்டோப்ரோஃபென் 2.5 வீதம். சன்ஸ்கிரீனில் ஒக்டோகிரிலீன் நாலாவதாக இருக்கிறது, ஃபோனில் படம் எடுத்துப் பெருப்பித்துத்தான் வாசிக்க முடிந்தது. கொழுப்புக் குளிசை வேறு பெயர். அம்மாவின் கையில் ஒன்றும் இல்லை, ஆனால் அவர் வெயிலில் நிற்கவும் இல்லை. துவாயை வெந்நீரில் அவிக்கப் போட்டாயிற்று.

காத்தான்குடி_காக்கா

இதுக்கு ஜெல்லே தேவையில்லை தம்பி, தேசிக்காய் போதும். ஒரு நோன்புக்குப் பள்ளிக்குச் சர்பத் கரைக்க நானும் தம்பிமாரும் வெளியிலே தகரக் கொட்டகை ஓரம் இருந்து ஒரு சாக்குத் தேசிக்காய் பிழிந்தோம். பின்னேர வெயில் கையிலே. அன்றைக்கு ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் புறங்கையிலும் முழங்கை வரைக்கும் சாறு வழிந்த கோட்டிலே எரிவு, கொப்புளம். மறுகா கறுத்துப் போச்சு, பெருநாள் போட்டோ முழுக்கக் கையில் மை ஊற்றின மாதிரி நிற்கிறேன். ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் மாறவில்லை. கொட்டகைக்கு உள்ளே இருந்து பிழிந்த ஆளுக்கு ஒரு புள்ளி இல்லை.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். நாங்கள் நாலு பேர் வெயிலிலே இருந்தோம், நாலு பேருக்கும் வந்தது. மகனின் அப்பா பூசிய ஜெல்லை ஊரில் எத்தனை பேர் பூசுகிறார்கள், எல்லாருக்குமா கால் வேகுது? கம்பெனிக்காரன் டெஸ்ட் பண்ணினேன் என்கிறானே, எதைப் பண்ணினான்? எலிக்குப் பூசி நிழலிலே வைத்தானோ?

ஆய்வுகூடப்பூனை

காக்கா கேட்டதுதான் இதில் பெரிய கேள்வி. நான் கொஞ்சக் காலம் இந்த மாதிரி ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்தவள் (ஊர் மட்டக்களப்பு, வேலை வெளியே), தெரிந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு விதம் இருக்கிறது. ஒன்று ஒளிநச்சு. மருந்து வெளிச்சத்தைக் குடித்து அந்த இடத்துக் கலங்களை நேரே எரிக்கும். அளவு போதுமென்றால் யாருக்கும் வரும், முதல் தடவையே வரும். தேசிக்காய் அந்த வகை, தோலிலும் சாற்றிலும் உள்ள சொராலென்தான் வேலை செய்கிறது. கார்போகரிசியிலும் அதே சரக்குத்தான் இருக்கிறது, நாட்டு வைத்தியத்தில் வெண்படைக்கு அதைப் பூசி வெயில் காட்டச் சொல்வது சும்மா இல்லை. மற்றது ஒளி ஒவ்வாமை. இங்கே வெளிச்சம் மருந்தை உருமாற்றுகிறது, அது தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது, உடம்பின் காவல்காரன் அதைப் பகையாக நினைவில் வைத்துக்கொள்கிறான். முதலில் பழக நாள் எடுக்கும். பழகிய பிறகு கொஞ்சம் பட்டாலும் ஓரிரு நாளில் எக்சிமா மாதிரிக் கிளம்பும், சிலருக்குப் பூசாத இடத்துக்கும் பரவும். ஆயிரம் பேர் பூசினால் ஆயிரம் பேருக்கும் வராது. அப்பாவுக்கு ஆறேழு நாள் ஒன்றுமில்லாமல் இருந்தது அதனால்தான் என்று படுகிறது.

முதல் வகையைக் கம்பெனிகள் நன்றாகவே பிடிக்கின்றன. முதலில் மருந்து 290 முதல் 700 நானோமீற்றர் வரையான வெளிச்சத்தை உறிஞ்சுகிறதா என்று பார்ப்பார்கள், ஏனென்றால் நிலத்துக்கு வந்து சேரும் சூரிய வெளிச்சத்தில் அதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. உறிஞ்சாவிட்டால் பெரும்பாலும் அதோடு சரி. உறிஞ்சினால் எலிக்குப் பூசுவதில்லை காக்கா, எலியின் கலத்துக்கு. 3டீ3 என்று சுண்டெலியிலிருந்து வந்த ஒரு கல வரிசை. 96 குழி கொண்ட பிளாஸ்டிக் தட்டு இரண்டு எடுத்து, இரண்டிலும் ஒரே கலம், ஒரே மருந்து, எட்டு அளவில் கூட்டிக் கூட்டி ஊற்றுவோம். ஒன்றை விளக்குக்குக் கீழே கிட்டத்தட்ட ஐம்பது நிமிடம் வைப்போம், சதுர சென்டிமீற்றருக்கு 5 ஜூல் யூவீஏ (வெயிலில் உள்ள புறஊதாக் கதிரில் ஒரு வகை) சேரும் வரை. மற்றது அலுமினியத் தாள் சுற்றி இருட்டில். அடுத்த நாள் நியூட்ரல் ரெட் என்ற சாயம். உயிருள்ள கலம் சாயத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும், செத்தது இழுக்காது. முதல் தடவை செய்தபோது இருட்டுத் தட்டு முழுக்கப் பீட்ரூட் சாறு மாதிரிச் சிவந்து நிற்க, வெளிச்சத் தட்டில் பாதியிலிருந்து வெறும் தண்ணீர் நிறம். அந்த ஒரு பார்வையிலேயே விளங்கிவிடும், மற்றதெல்லாம் கணக்கு. இருட்டில் பாதிக் கலத்தைக் கொல்லும் அளவை வெளிச்சத்தில் பாதியைக் கொல்லும் அளவால் வகுத்து, 5க்கு மேல் வந்தால் ஒளிநச்சு, 2க்குக் கீழே என்றால் இல்லை, நடுவில் வந்தால் தலையிடி. 2004இல் ஓஈசீடி என்ற பணக்கார நாடுகளின் கூட்டமைப்பு இதை 432ஆம் இலக்க வழிகாட்டியாக ஏற்றது.

இந்தத் தட்டுக்குக் குறையும் உண்டு. தோல் என்ற மதில் அதில் இல்லை, தண்ணீரில் கரையாத சரக்கும் ஆயத்த கிறீமும் போட முடியாது, மனிதருக்கு ஒன்றும் செய்யாத மருந்தையும் குற்றவாளி ஆக்கிவிடும். அதனால் இது பயந்த காவல் நாய் மாதிரி, எதற்கும் குரைக்கும். குரைக்காமல் இருந்தால் நம்பலாம். குரைத்தால் அடுத்த படி, ஆய்வுகூடத்தில் வளர்த்தெடுத்த மனிதத் தோலின் மேல் கிறீமையே பூசிப் பார்ப்பது. அதற்கான வழிகாட்டி 2021இல்தான் வந்தது.

இரண்டாம் வகைக்கு, அதாவது ஒவ்வாமைக்கு, தட்டிலோ மிருகத்திலோ செய்து நம்பக்கூடிய டெஸ்ட் கிடையாது. மருந்து விதிகளை ஒத்திசைக்கும் அனைத்துலகக் குழு 2013இல் எழுதிய வழிகாட்டியே அதைச் சொல்கிறது. மிஞ்சுவது மனிதர். விற்கப்போகும் அதே கிறீமை ஆரோக்கியமான ஆட்களின் முதுகில் பல தடவை பூசி, வெளிச்சம் காட்டி, இரண்டு கிழமை அளவில் ஓய்வு விட்டு, புதிய இடத்தில் ஒரு தடவை பூசி வெளிச்சம் காட்டிப் பார்ப்பார்கள். சேருவது சில பத்துப் பேர். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் ஒவ்வாமை என்று வையுங்கள், ஐம்பது பேரின் முதுகில் அது தெரியுமா? தெரியாது. அது கடைக்கு வந்து, வயலுக்குப் போய், யாரோ ஒருவரின் கெண்டைக்காலில்தான் தெரியும். 1960களில் இங்கிலாந்தில் கிருமிகொல்லிச் சோப்பில் கலந்த டெட்ராகுளோரோசாலிசிலனிலைட் அப்படித்தான் பிடிபட்டது, சனம் சோப்புப் போட்டு வெயிலுக்குப் போய் முகம் வெந்த பிறகு.

அதனால் ட்யூபை எறிந்துவிடாதீர்கள் தம்பி. பெட்டி, தொகுதி இலக்கம் எல்லாம் டொக்டரிடம் காட்டுங்கள், அவர் பக்க விளைவென்று மேலே அறிவித்தால்தான் கணக்கில் ஏறும்.

ஏறாவூர்க்காரி_லண்டனில்

போட்டோபட்ச் எனக்குச் செய்தார்கள், அதனால் அனுபவமாகவே சொல்கிறேன். ஊசி இல்லை, கீறல் இல்லை, நோகாது. கடி இருக்கும், பொறுமை வேண்டும்.

ஒரு கிழமைக்குள் மூன்று நாலு தடவை போக வேண்டும். முதல் நாள் முதுகின் மேல்பாதியில் சின்ன அலுமினியக் கிண்ணங்கள் வைத்த டேப் ஒட்டினார்கள், ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு சரக்கு, சன்ஸ்கிரீன் சாமான்களும் நோவு ஜெல் சாமான்களும். இடது பக்கம் ஒட்டிய அதே வரிசையை வலது பக்கமும் ஒட்டினார்கள். மார்க்கர் பேனையால் கோடு கீறினார்கள். குளிக்கக் கூடாது, வியர்க்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. எங்களூர் கச்சான் வெக்கைக் காற்றில் இதை எப்படிச் சமாளிப்பார்களோ தெரியாது, ஒரு விசிறியைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

அடுத்த நாள் (சில இடங்களில் இரண்டு நாள் விட்டு) டேப்பைக் கழற்றி, ஒரு பக்கத்தைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு மறுபக்கத்துக்கு விளக்கு. பூனை அக்கா தட்டுக்குச் சொன்ன அதே 5 ஜூல் யூவீஏ. சில நிமிடம்தான், இளஞ்சூடு. பிறகு உடனேயும், அடுத்தடுத்த நாட்களிலும் பார்த்துக் குறித்தார்கள். வெளிச்சம் பட்ட பக்கம் மட்டும் சிவந்தால் ஒளி ஒவ்வாமை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சிவந்தால் சாதாரண ஒவ்வாமை, வெயிலுக்குப் பங்கில்லை.

எனக்கு வந்தது இரண்டாவது! இரண்டு வருடம் வெயிலுக்குப் பயந்து, பஸ்ஸில் யன்னல் பக்கம்கூட இருக்காமல் (யூவீஏ கண்ணாடிக்குள்ளால் வரும்) திரிந்தேன். கடைசியில் கிறீமில் இருந்த வாசனைப் பொருள்தான், இருட்டுப் பக்கமும் அதே அளவு சிவந்திருந்தது. நர்ஸ் இரண்டு கண்ணாடி பிடித்து என் முதுகை எனக்கே காட்டினார். ஆகவே அப்பாவுக்கு விடை தெரிந்துவிட்டது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள், டெஸ்ட் வரட்டும். கீட்டோப்ரோஃபென் முன்னால் நிற்கும் சந்தேக ஆள் என்பது உண்மை. ஐரோப்பாவில் 12 நாடுகளில் 1031 பேருக்கு இதே டெஸ்ட் செய்து 2012இல் வெளியிட்டார்கள், அதிகம் பேருக்கு வந்தது அதற்குத்தான்.

முதுகில் ஸ்டீரொயிட் கிறீம் பூசியிருந்தாலோ, ஸ்டீரொயிட் குளிசை குடித்தாலோ டெஸ்ட் பிழைக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வரம்புக்கட்டு

எல்லாம் சரி. ஆனால் மச்சான் சொன்னதில் என்ன பிழை என்று யாரும் சொல்லவில்லையே. ஒரு இடத்தில் பூசி மூடுகிறது, இன்னொரு இடத்தில் பூசி வெளிச்சம் காட்டுகிறது. இடது கால், மட்டக்களப்பு வெயில், செலவில்லை. அதே டெஸ்ட்தானே?

கல்முனை_பாமசிக்காரன்

அந்தக் காரணத்தைப் பிறகு சொல்கிறேன் என்று விட்டிருந்தேன், கேட்டது நல்லது.

அதே யோசனை, அதே டெஸ்ட் இல்லை. அங்கே விளக்கிலிருந்து வருவது அளந்த யூவீஏ மட்டும், மருந்தில்லாத தோல் அந்த அளவுக்குச் சிவக்காது. இங்கே மத்தியான வெயிலில் மருந்தில்லாமலே தோலைச் சுடும் யூவீபீ என்ற கதிரும் இருக்கிறது, சூடும் வியர்வையும் இருக்கிறது. சிவந்தால் எதனால் சிவந்தது? சிவக்காவிட்டால் நீங்கள் பூசியது போதாதோ, அரை மணி நேரம் போதாதோ? அங்கே வைப்பது கண்ணாடிக் குண்டு அளவு இடத்தில் குறித்த வீதம் கலந்த ஒரே சரக்கு. ட்யூபிலிருந்து பிதுக்கினால் ஜெல்லோடு மதுசாரம், வாசனை எல்லாம் வரும், எது குற்றவாளி என்று தெரியாது. மறுகா மிக முக்கியமானது: ஏற்கெனவே பழகிப்போன உடம்புக்குத் திரும்பப் பூசினால் இடது காலில் மட்டும் நிற்கும் என்று யார் சொன்னது? ஆறிவரும் வலது காலும் சேர்ந்து கிளம்பும். அறுபத்து மூன்று வயதுக் காலில் புண்ணாகிக் கிருமி தொற்றினால் செலவில்லை என்ற கதை அன்றோடு முடிந்தது. சீனி வருத்தமும் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

வரம்புக்கட்டு

சரி அண்ணே, ஒப்புக்கொள்கிறேன். நான் போன மாதம் என் தொடையில் செய்து பார்த்தவன், அதனால்தான் கேட்டேன். ஒன்றும் வரவில்லை. எனக்கு வராது என்று அர்த்தமா?

ஆய்வுகூடப்பூனை

இல்லை. இன்னும் பழகவில்லை என்றும் அர்த்தமாகலாம். தயவுசெய்து அடுத்த தடவை பழக்கிவிடாதீர்கள்.

வவுணதீவு_மகன்

எல்லோருக்கும் நன்றி. இன்று திரும்பக் கிளினிக் போனோம். ட்யூபையும் சன்ஸ்கிரீனையும் ஒரு சொப்பிங் பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன், டொக்டர் இரண்டையும் திருப்பித் திருப்பி வாசித்துவிட்டு எங்கள் கொப்பியில் நீளமாக எழுதினார். டெஸ்ட் செய்யும் இடத்துக்குக் கடிதம் தருகிறாராம், தோல் முழுதாக ஆறி, கிறீமையும் நிறுத்திய பிறகுதான் போக வேண்டும். அதுவரை ஒக்டோகிரிலீன் உள்ள எதுவும் வேண்டாம், வெயிலுக்குத் துணிதான் நல்லது என்றார். முதுகு நனையக் கூடாது என்பதைக் கேட்ட அப்பா, அப்படியென்றால் பெரும்போக விதைப்பு முடியட்டும் என்கிறார். அவர் சொன்னால் சொன்னதுதான், பார்க்கலாம்.

மச்சான் இதே ஜெல்லில் இன்னும் இரண்டு ட்யூப் சொந்தக்காரருக்குக் கொடுத்திருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் ஃபோன் எடுத்துச் சொன்னேன். ஒரு மாமி "எனக்கு ஒண்டும் செய்யல்ல, நல்லாத்தானே கிடக்கு" என்றார். இரவில் மட்டும் பூசுகிறீர்களா என்று கேட்டேன், இல்லையாம், காலையில் பூசிவிட்டுத்தான் கச்சான் கடலை விற்கப் போகிறாராம். நாளைக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

வலது கால் காய்ந்து தோல் உரிகிறது. அப்பா இப்போது வயலுக்கு என் பழைய நீளக் காற்சட்டையில்தான் போகிறார், வரம்பில் பார்க்கிறவர்கள் எல்லாம் எந்தக் கந்தோரில் வேலை என்று கேட்கிறார்களாம். வலது முழங்காலில் நோ இன்னும் திரும்பவில்லையாம், இடதுதான் இப்போது கூடுதலாக நோகிறதாம்.